ஒரு பாஸ்போர்ட்டுக்காக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். அதை நம்பி, பிப்ரவரியில் நானும் கணவர் பிரபுவும் நெதர்லாந்திலிருந்து சென்னை வந்தோம். ராயபுரத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளரும் ஜெனியைத் தத்தெடுக்கத்தான் இந்தப் பயணம். அவளுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. தத்து ஆணை வந்துவிட்டது, பாஸ்போர்ட் வரவில்லை. ஆணையில் ஊர் எண்ணூர், பிறப்புச் சான்றிதழில் திருவொற்றியூர். அவ்வளவுதான் சிக்கல்.

விடுப்பு முடிந்து பிரபு கிளம்பினார். நான் என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, இல்லத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்தேன். சான்றிதழைத் திருத்த, குழந்தை எண்ணூரில் கண்டெடுக்கப்பட்டபோது அங்கே காவல் நிலையத்தில் பதிந்த அறிக்கையின் நகல் வேண்டும் என்றார் இல்லத்தின் பொறுப்பாளர் ரோஸ்லின்.

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் புறநகர் ரயிலில் அரை மணி நேரம்தான். காலைக் கூட்டம் வடிந்தபின் போனால் உட்கார இடம் கிடைக்கும். எண்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"இன்னா மேடம், போலீஸ் ஸ்டேஷனுக்கா? எதுனா பேஜாரா?" என்றார் ஓட்டுநர் பாபு.

சொன்னேன். வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கொயந்தையா! பஸ் ஸ்டாப்பாண்ட கெடந்துதுன்னு அப்போ ஊரே பேசிக்கினு இருந்துச்சு. இப்ப நல்லா கீதா?"

"நல்லா இருக்கா. அந்த இடத்தைக் காட்டுறீங்களா?"

ஒரு சிமென்ட் பெஞ்சு, தகரக் கூரை, பக்கத்தில் கீரை விற்கும் அம்மா ஒருவர். வேறொன்றுமில்லை. என்றாவது ஜெனி கேட்பாள் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். முதல் படம் தெளிவாக வரவில்லை. இன்னொன்று எடுத்தேன்.

நகல் அன்றே கிடைத்தது. மறுநாள் சான்றிதழைத் திருத்தும் அலுவலகத்துக்குப் போனேன்.

"ஃபைல் மேல போகணும். அடுத்த மாசம் வாங்க" என்றார் அங்கிருந்தவர்.

"சார், அவ பேசக் கத்துக்குற வயசு இது. ஒவ்வொரு மாசமும் அவளுக்கு நஷ்டம். கையெழுத்துப் போடுறவர் வரட்டும், நான் உக்காந்திருக்கேன்."

"உக்காந்தா நடந்துடுமாம்மா?"

"போயிட்டா நடந்துடுமா சார்?"

அவர் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைக் காட்டினார். அந்த வாரம் முழுக்கப் போய் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மேலதிகாரி கூப்பிட்டார். ஜெனியின் மருத்துவ அறிக்கையைப் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், கையெழுத்துப் போட்டார்.

இதே வேலையாக வருகிறவர்களுக்கு: எல்லா ஆவணங்களிலும் ஊர்ப்பெயரை முதல் நாளே ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவ அறிக்கை எப்போதும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் வரும்வரை குழந்தையை நம்மோடு வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள். நான் தாமதமாகத்தான் கேட்டேன், கிடைத்தது.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. சிகிச்சைக்கு அதுவரை காத்திருக்க நான் தயாராக இல்லை. போன வாரம் இங்கேயே ஜெனிக்குக் காதுக் கருவி பொருத்தினோம். இன்று காலை கீழே மீன்காரர் கூவிக்கொண்டு போனார். ஜெனி விளையாட்டை நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவர் தெருமுனை திரும்பும்வரை அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே நின்றேன்.