உறையாத ரத்தம்

வசம்பு சுட்ட புகையோடு, துணியில் ஊறிக் காய்ந்த ரத்தத்தின் வாடையும் கலந்தால் எப்படியிருக்கும் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். யுத்த காலம் அது. திருத்தணி ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லும் ஜட்கா ஒன்றை என் தகப்பனார், எங்கள் வீட்டு வழக்கில் ‘நைனா’, ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த வாரத்தில் எனக்குத் தம்பி பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான், ஓங்கி அழுதான். குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.

நைனாவின் அக்கா, புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள், அவள் வைத்ததுதான் வீட்டில் சட்டம். “‘சீம்பால்’ ஆவாது, கொழந்தைக்கு வயித்துல கட்டிக்கும்” என்று சொல்லி, முதலில் சுரந்த மஞ்சள் பாலையெல்லாம் அம்மாவைக் கீழே பீய்ச்சிவிடச் செய்தாள் அத்தை. மூன்று நாள் அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தடவிய விளக்கெண்ணெயும்தான். மார் கட்டிக்கொண்டு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை தொப்புளில் கட்டியிருந்த துணி சிவந்திருந்தது. மருத்துவச்சி வந்து நூலை இறுக்கிக் கட்டி மஞ்சளை அப்பினாள். நிற்கவில்லை. பீறிட்டு வந்திருந்தால் யாராவது பதறியிருப்பார்கள். அது துடைக்கத் துடைக்கக் கசிந்துகொண்டே இருந்தது. மறுநாள் மூக்கிலும் வந்தது, மலம் தார்போலக் கறுத்தது. அழுகை பூனைக்குட்டியின் சத்தமாகச் சுருங்கிப்போனது.

அதற்குள் அத்தை காரணம் கண்டுபிடித்துவிட்டாள். “மாசமா இருக்கச்ச, கிரகணத்தன்னிக்கி அருவாமணை எடுத்து வச்சிகினு கீரை அரிஞ்சா. வேணான்னேன், கேட்டாளா?” அம்மா மறுக்கவில்லை. கீரை அரிந்தது உண்மைதான். நைனாவுக்குப் பசி பொறுக்காது.

ஐந்தாம் நாள் காலை ரயிலில் நைனாவும் அத்தையும் நானும் குழந்தையை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தீட்டுக்காரி வாசல் தாண்டக்கூடாதென்று அம்மாவை விட்டுவிட்டு, அத்தை குழந்தையைத் தூக்கிக்கொள்ள, கிழிந்த வேட்டித் துணிகளை மூட்டையாக நான் எடுத்துக்கொண்டேன். பட்டாளத்து வண்டிகள் போவதற்காக எங்கள் ரயிலை வழியில் வெகுநேரம் நிறுத்திவிட்டார்கள். அரக்கோணம் சேர்வதற்குள் என் மூட்டையில் ஒரு துணிதான் மிச்சம்.

டாக்டர் இளவயதுக்காரர். குழந்தையின் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, “பால் எப்போ குடுக்க ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டார்.

“மூணு நாள் கழிச்சிங்க. மொதப் பால் ஆவாதுங்களே” என்றாள் அத்தை.

அவர் நைனாவைப் பார்த்து, “ரத்தம் உறையறதுக்கு ஒரு சத்து வேணும். பொறக்கிற கொழந்தைங்க ஒடம்புல அது ரொம்பக் கொஞ்சம். நீங்க கொட்டின பால்ல கொஞ்சம் இருந்திருக்கும். இப்போ அதுக்கு ஊசி வந்திருக்கு, பட்டணத்துல. எங்கிட்ட இல்ல” என்றார்.

அடுத்த பட்டணம் வண்டிக்குக் காத்திருந்தபோதே, ரயிலடி மரப்பெஞ்சியில், அத்தையின் மடியில் அவன் அடங்கிவிட்டான்.

திரும்பும் ரயிலில் அத்தை என் கையை அழுத்திப் பிடித்தாள். “அந்த டாக்டர் சொன்னதையெல்லாம் ஒங்கம்மா கிட்ட ஒளறிகினு இருக்காத. பச்சை ஒடம்புக்காரி, தாங்கமாட்டா.” நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னது ஒன்றே: “கிரகணம் கொண்டுகினு பூட்ச்சி.” அதன்பின் எங்கள் தெருவில் எந்த வளைகாப்புக்கும் அம்மாவைக் கூப்பிடவில்லை. அவள் எதிரே வந்தால் பிள்ளைக்காரிகள் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டார்கள். மறுவருஷம் நைனா ஆர்.கே.பேட்டையிலிருந்து இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். நானும் அம்மாவும் திருவாலங்காட்டில் மாமா வீட்டுக்குப் போனோம்; அம்மா கூலிக்குக் கரும்பு வெட்டி என்னைப் படிக்கவைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் அத்தையிடம் பயம். பிறகு, இத்தனை நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்ற பயம்.

சென்னையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோதுதான் அந்தச் சத்தின் பெயரைக் கேட்டேன்: வைட்டமின் கே. கல்லீரல் அதைக்கொண்டுதான் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைச் செய்கிறது. பெரியவர்களுக்குக் கீரையிலிருந்து நிறையக் கிடைக்கும், குடலில் வாழும் கிருமிகளும் கொஞ்சம் செய்து தரும். பிறந்த குழந்தைக்கு இரண்டும் இல்லை. தாய்ப்பாலிலும் அது குறைவுதான், ஆனால் சீம்பாலில் சற்றே கூடுதல். அதை மட்டும் கொடுத்திருந்தாலே பிழைத்திருப்பான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஊசி போட்டிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பான்.

விடுமுறையில் போய் அம்மாவிடம் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“அப்போ கிரகணம் இல்லியா?”

“இல்லம்மா.”

“ஒங்க நைனாவுக்குத் தெரியுமா?”

“ஆங். பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு.”

“ஒனக்கு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா கடலையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: “கிரகணம்னா சாமி காரியம், மனுசன் கையில இல்லன்னு மனச ஆத்திகினு இருந்தேன். நீ பாலுன்றியே. நான்தான கொட்டினேன், என் கையால.” அதற்குப்பின் சாகும்வரை அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, என் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடவும் இல்லை.

இப்போது திருத்தணி ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொடையில் அந்த ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். தாய்மார்களில் பலருக்கு அது எதற்கென்றுகூடத் தெரியாது. தொப்புள் கசிந்து குழந்தை சாகும் என்ற பயமே ஊரைவிட்டுப் போய்விட்டது. ஜட்காக்களும் இல்லை, அத்தையும் நைனாவும் இல்லை. அம்மாமீது பழி சொன்னவர்களில் ஒருவர்கூட, தாங்கள் சொன்னது தப்பென்று அவளிடம் வந்து சொல்லிவிட்டுச் சாகவில்லை. அவளிடம் உண்மையைச் சொன்னவள் நான் ஒருத்திதான்; நானும் காலத்தில் சொல்லவில்லை.