சந்தாபுராவில் ஒரு புது மீட்டர்

சந்தாபுராவில் நான் தங்கியிருக்கும் விடுதியின் மொட்டை மாடி முழுக்க சோலார் தகடுகள். கீழே வாசலில் மின்வாரிய லைன்மேன் ஆரோக்கியசாமி வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் புது மீட்டரைப் பொருத்துகிறார். இதற்காக இரண்டு மாதம் ஆபீசுக்கு நடந்த விடுதிக்காரம்மா, நகராமல் பக்கத்திலேயே நிற்கிறார்.

"எல்லாரும் சொந்தமா கரண்ட் எடுத்தா உங்களுக்கு வேலை இல்லாம போயிடாதா?" என்று லைன்மேனிடம் கேட்கிறேன்.

அவர் சிரிக்கிறார். "இங்க மிஞ்சுற கரண்ட்டு தானா நடந்தா போவும் சார்? எங்க லைன்லதான் போவணும். அந்தளவுக்கு நிலக்கரி எரிக்கிறது கொறையும்ல?"

சுவிட்சைப் போடுகிறார். மீட்டர் திரையில் அம்புக்குறி வெளிப்பக்கம் திரும்புகிறது.

"தெருவுக்குப் போவுதா?" என்கிறார் விடுதிக்காரம்மா.

"போவுதும்மா. எதிர் மாவு மில்லு இப்போ உங்க வீட்டு வெயில்லதான் ஓடுது."

அந்த அம்மா உடனே தெருவைக் கடந்து, மில் வாசலில் நின்று அதன் சத்தத்தைக் கேட்கிறார்.