முன்பின் தெரியாதவர் நீட்டிய சாவி

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு என் மனைவியை டயாலிசிஸுக்கு எங்கள் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில்தான் அழைத்துப் போகிறேன். அதை முன்பு வைத்திருந்தவர் சேற்றில் ஓட்டும் முரட்டு டயர்களைப் போட்டிருந்தார். தார் ரோட்டில் அவை போடும் இரைச்சலில் அவள் பேசாமல் கண்ணை மூடிக்கொள்வாள்.

டயர்கள் தேய்ந்துபோகவே, இருவரும் கடைக்குப் போனோம். விலை குறைந்த ரோடு டயர் நாள்பட உழைக்குமா என்று கடைக்காரரிடம் தயக்கத்தோடு கேட்டேன். காற்றடிக்க வந்திருந்த ஒரு பெண்ணின் காதில் அது விழுந்தது. அவரிடமும் அதே மாதிரி ஜீப் இருந்தது.

“அண்ணே, நான் இந்த டயர்தான் போட்டிருக்கேன். பரங்கிப்பேட்டைலேந்து தினம் ஓடுது, தேய்மானம் ஜாஸ்தி இல்ல” என்றவர் தன் சாவியை நீட்டினார். “அக்காவ ஒக்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.”

“நாங்க யாருன்னே தெரியாதேம்மா?”

“அக்கா கையில டயாலிசிஸ் கட்டு இருக்கறதப் பாத்தேன். என்னப் பெத்த அத்தாவயும் இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

அவர் வண்டியில் நாங்கள் கடைத்தெருவைத் தாண்டியதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, நான் பேசறது கேக்குதா?”

“நல்லா கேக்குதே!”

அதே டயர்களை வாங்கிப் போட்டோம். இப்போது கடலூர் போகிற வழியெல்லாம் பேசுகிறாள். நேற்று, அடுத்த வருஷம் மகளை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்டாள். நோய் வந்த பிறகு அடுத்த வருஷத்தைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கும் நம்பிக்கை வந்தது.