முப்பத்தோராவது கிலோமீற்றர்

என் மனைவி சயோ நான் ஓட்டும் பஸ்ஸில் அந்த மாலை வரை ஒருநாளும் ஏறியதில்லை. ஆக்லாந்து நகர மையத்திலிருந்து நாங்கள் இருக்கும் த்ரீ கிங்ஸ் வரை நான் தரிப்புக்குத் தரிப்பு நின்று போகையில், அவள் நடைபாதையில் ஓடி என்னை முந்துவாள். நான் பிடிப்பேன், அடுத்த தரிப்பில் மறுபடி முந்துவாள். எங்கள் பழக்கமே அப்படித்தான் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செப்டெம்பர் மாலை, அவள் தரிப்பில் நின்று கை காட்டினாள். கம்பியைப் பிடித்து இடது காலை முதலில் வைத்தாள். வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறினாள்.

"என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. கவட்டுக்குள்ள கொஞ்சம் நோகுது. தசைப்பிடிப்பு."

வீடு வரும்வரை அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்புவது கடினம் என்பதைப் பிறகுதான் சொன்னாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம், இடையிடையே அவள் என்னிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழ் வரும். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஓடுகிற, ஆடுகிற, எடையைக் குறைத்துக்கொண்டே போகிற ஒரு பெண் உங்கள் வீட்டில் இருந்தால், இது உங்களுக்காக எழுதப்படுகிறது. ஆறுதல் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

சயோ ஜப்பானின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவள். பள்ளியில் நெடுந்தூரத் தொடரோட்டத்தில் கெட்டிக்காரி. பதினெட்டு வயதில் ஒரு நெசவு நிறுவனம் தன் ஓட்ட அணிக்கு அவளை எடுத்தது. விடுதியில் எட்டுப் பெண்கள். காலையும் மாலையும் பயிற்சியாளர் முன்னால் எடை பார்க்க வேண்டும். முந்நூறு கிராம் கூடினால் இரவுச் சாப்பாடு இல்லை. இருபது வயதில் மாதவிடாய் நின்றது. "இப்போதுதான் உன் உடம்பு சரியாக உழைக்கிறது" என்றாராம் பயிற்சியாளர். அதைப் பாராட்டாகவே அவள் நெஞ்சில் வைத்திருந்தாள்.

இருபத்திரண்டு வயதில் முதல் மரதனை இரண்டு மணி முப்பத்து மூன்று நிமிடங்களில் முடித்தாள். அடுத்த ஆண்டு பாத எலும்பு வெடித்தது. அதற்கடுத்த ஆண்டு மற்றப் பாதம். நிறுவனம் அவளை அணியிலிருந்து நீக்கியது. முன்பு அணியோடு பயிற்சிக்கு வந்த ஆக்லாந்துக்கே தனியாகத் திரும்பி வந்தாள். பரிசுப் பொருள் கடையில் வேலை, மற்ற நேரமெல்லாம் ஓட்டம். அடுத்த ஆண்டே என்னைக் கட்டினாள்.

வலி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னர்தான் அந்தப் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்திருந்தார். ஒக்டோபர் கடைசியில் இங்கே நடக்கும் மரதனுக்குத் தன் அணியோடு வருகிறாராம். அதில் பழைய நேரத்துக்குக் கிட்ட ஓடினால் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். தொலைபேசியை வைத்தபின் சயோ சமையலறையில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். அவளை அப்படி நான் கண்டதில்லை.

வலி பத்து நாளாகியும் போகாததால் குடும்ப வைத்தியரிடம் போனோம். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. அவர் எலும்பு ஸ்கேனுக்கு (மெல்லிய கதிர்வீச்சு மருந்தை நரம்பில் ஏற்றி, அது எலும்பில் எங்கே சேர்கிறது என்று பார்க்கும் சோதனை) அனுப்பினார். படத்தில் வலது இடுப்பில் ஒரு கரும்புள்ளி.

எலும்பு நிபுணர் நரைத்த தலையுள்ள பெண்மணி. தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்புக் குழியில் பொருந்தும் பந்துக்குக் கீழே உள்ள ஒடுங்கிய பகுதி) வெடிப்பு இருக்கிறது என்றார்.

"இது முழுதாக முறிந்தால் பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். நாளைக்கே ஆணி வைக்கலாம்."

"மூன்று கிழமை தாருங்கள். ஊன்றுகோலோடு வீட்டிலேயே இருக்கிறேன்" என்றாள் சயோ.

நிபுணருக்கு விருப்பமில்லை. "கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது?" என்று கேட்டார்.

"போன மாதம்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஏழு வருடமாக வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இவர் ஓடப்போவதில்லையே? நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?"

"ஓடமாட்டா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

அந்த அறையில் சொல்லப்பட்ட பொய்கள் இரண்டு. முதலாவது நோயாளியின் பொய். வைத்தியர்கள் அதை எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள். இரண்டாவதற்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை. அவள் கைகொட்டிச் சிரித்ததை மறுபடி பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை ஊன்றுகோல். மூன்றாவது கிழமை நீச்சல் குளத்தில், மிதவை கட்டிக்கொண்டு, தரை தொடாமல் ஓடினாள். வலி மட்டுப்பட்டது. வலிமாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தவன் நான்.

மரதன் அன்று கடற்கரை வீதியில், முப்பத்தைந்தாவது கிலோமீற்றரில், அவளுடைய தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். ஒரு கிலோமீற்றருக்கு மூன்று நிமிடம் முப்பத்தெட்டு விநாடி என்பது அவள் கணக்கு. வரவேண்டிய நேரம் வந்தது. வேறு பெண்கள் வந்தார்கள். பிறகு மெதுவாக ஓடும் ஆண்கள், கிழவர்கள், முயல் வேடம் போட்ட ஒருவர். நான் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கினேன்.

முப்பத்தோராவது கிலோமீற்றரில் கடற்சுவரோரம் கிடந்தாள். வலது பாதம் வெளிப்பக்கம் சரிந்திருந்தது. தொண்டர் வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் மேலங்கியால் அவளைப் போர்த்தியிருந்தாள். "சத்தம் கேட்டது. காய்ந்த தடி முறிகிற மாதிரி" என்றாள் அந்தப் பெண். சயோ அழவில்லை. கைக்கடிகாரத்தை நிறுத்தியிருந்தாள்.

அன்றே அறுவைச் சிகிச்சை. மூன்று ஆணிகள். எலும்பு அடர்த்திச் சோதனையின் முடிவை நிபுணர் எங்கள் முன்னால் படித்தார். எழுபது வயதுப் பெண்ணின் எலும்பு. சயோவுக்கு அப்போது இருபத்தேழு. நிபுணர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை, என்னைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு எல்லாவற்றையும் நேரே சயோவிடமே சொன்னார்.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் வந்தார். அழகாகச் சுற்றிய பலகாரப் பெட்டியைக் கட்டிலோரம் வைத்துக் குனிந்து வணங்கினார். ஜப்பானிய மொழியில் நாலு வசனம் சொன்னார்.

வழியனுப்பப் போன நான் நடைபாதையில் அவரை மறித்தேன். "அவளின் எலும்பு எழுபது வயதுக்காரியின் எலும்பாம். தெரியுமா உங்களுக்கு?"

"அவள் எப்போதும் வலியைத் தாங்குவதில் சிறந்தவள்" என்றார், தெளிவான ஆங்கிலத்தில். மறுபடி வணங்கிவிட்டு லிஃப்டுக்குள் போனார்.

திரும்பி வந்தபோது சயோ சிரித்துக்கொண்டிருந்தாள். "முப்பது வரைக்கும் என்ர நேரம் சரியாம். பாத்தவராம்." அந்தச் சிரிப்புக்காக நான் இன்றும் அந்த மனிதரை வெறுக்கிறேன்.

மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கும் என் அக்கா ஒரு நாளும் தவறாமல் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தா. ஒருநாள் வாகனத் தரிப்பிடத்தில் என் கையைப் பிடித்தா.

"தம்பி, நீ ஒருக்காவெண்டாலும் ஓட வேண்டாம் எண்டு சொன்னனியே?"

"சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள் அக்கா."

"அவள் கேக்கிறதை விடு. நீ சொன்னனியே?"

நான் காரைத் திறந்தேன்.

பதினொரு மாதத்தில் வலி திரும்பியது. இம்முறை பந்துப் பகுதி இறந்திருந்தது (இரத்தம் போகாத எலும்பு உள்ளே மெல்ல நொறுங்கிவிடும்). நிபுணர் முதலே எச்சரித்தது இதைத்தான். இருபத்தொன்பதாவது வயதில் சயோவுக்கு உலோகத்தாலான செயற்கை இடுப்பு வைத்தார்கள். அந்த வார்டில் வயதில் அவளுக்கு அடுத்தவளுக்கு எழுபத்தொன்று.

"இது எவ்வளவு காலம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"பதினைந்து வருடம். ஓடாவிட்டால்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கினாள். "நாற்பத்து நாலில் இரண்டாவது. அம்பத்தொன்பதில் மூண்டாவது." வாழ்க்கை முழுவதையும் மூன்று உலோகத் துண்டுகளாகப் பிரித்து முடித்துவிட்டு, தண்ணீர் கேட்டாள்.

ஓட்டம் நின்றது, சாப்பாடு கூடியது. அடுத்த மாரியில் ஒரு காலை குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். மாதவிடாய் வந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் கதவுப் பிடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"இப்ப ஏன் வந்தது? ஆருக்கு?" என்றாள். கதவை மூடினாள். உடம்பு குணமாவதும் ஒருவரை அவமதிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

போன கிழமை நாங்கள் த்ரீ கிங்ஸ் கடைத்தெருவுக்கு முன்னால் வீதியைக் கடந்தோம். பாதி தூரத்தில் சமிக்ஞை விளக்கில் பச்சை மனிதன் மறைந்து சிவப்பு மினுங்கத் தொடங்கியது. காத்து நின்ற காரொன்று ஹோர்ன் அடித்தது. பழக்கத்தில் நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"கையை விடு" என்றாள்.

விட்டேன். வாகனங்கள் அத்தனையையும் நிறுத்தி வைத்துவிட்டு, வலது காலைத் தூக்கி வைத்து, இடதை அதனோடு சேர்த்து, மறுபடி வலதை வைத்து அவள் நடந்தாள். நான் இரண்டடி பின்னால், அவளை முந்தாமல் போனேன்.