சித்தப்பாவை உட்கார வைத்தவர்

புதிதாக எழும்பி வருகிற அணிக்கு வயதான கோச் சரிப்படுவாரா என்று டீக்கடையில் பேச்சு வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிடும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்கள் எங்கள் கால்பந்து மைதானத்தை ஒட்டித்தான் போகும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம், சாரல் நேரத்தில் மைதானத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நன்றாக ஆடியவர்கள் ஒவ்வொருவராகப் போலீசிலும் பட்டாளத்திலும் சேர்ந்து போய்விட்டார்கள். மிஞ்சியது கேப்டனான என் சித்தப்பாவும், மீசை முளைக்காத பையன்களும்தான். பந்து யாருக்குக் கிடைத்தாலும் சித்தப்பாவைத் தேடித்தான் தள்ளுவார்கள். அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். ஓடி ஓடி மூச்சு வாங்குவார்.

செங்கோட்டையில் மகள் வீட்டோடு இருந்த ஒரு பழைய கோச்சை அழைத்து வரவேண்டும் என்று சித்தப்பாதான் ஒற்றைக் காலில் நின்றார். கேரளாவில் பெரிய அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “ஏலே, தேறுன ஆளுவள வச்சு கப்பு வாங்குன மனுசன். இந்தப் பொடிப்பயலுவ வளருத வரைக்கும் அவருக்குப் பொறுமை இருக்குமா? மொதல்ல ஆயுசு இருக்குமா?”

“இருக்குத வரைக்கும் இருக்கட்டும்ணே” என்றார் சித்தப்பா.

கோச் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, சில நாட்கள் வெறுமனே பார்த்தார். பிறகு புளியங்குடி அணியோடு ஆடப்போகிறவர்களின் பெயர்களைச் சொன்னார். சித்தப்பா பெயர் இல்லை.

“நீ நின்னா பிள்ளைகள் உன்னைத்தான் பார்க்கும். கோலைப் பார்க்காது. வெளியே இரி மோனே” என்றார் சித்தப்பாவிடம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேடிப் போய்க் கூட்டி வந்தவரையே வெளியே தள்ளுகிற மனிதர் உண்டா?

ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். சுற்றி நின்றவர்கள் சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார்கள். “கெழவன் பேச்சக் கேட்டா வெளங்குமாலே? எறங்குலே உள்ள!” நான் வீட்டுக்கு ஓடி, கட்டிலுக்கு அடியில் கிடந்த பூட்ஸை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

கூச்சல் அடங்கியது. கோச் திரும்பிப் பார்த்தார். “உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னார்.

சித்தப்பா பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, இரண்டையும் சேர்த்து ஈரத்தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று கோலில் தோற்றோம். ஆனால் கடைசியில் பையன்கள் முதல்முறையாகத் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஓங்கி அடித்தார்கள். அது கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதற்குக் கைதட்டியது கோச்சும் சித்தப்பாவும் மட்டும்தான்.

வீட்டில் அப்பா விடவில்லை. “ஒன்னைய வெளிய உக்கார வைக்கவால அவரக் கூட்டிட்டு வந்த?”

சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, “வேற யாரு சொல்லியிருந்தா நான் உக்காந்திருப்பேன்ணே?” என்றார்.

அப்பா எழுந்து போய் அவருக்குத் தட்டு எடுத்து வைத்தார். எனக்குத்தான் அன்று ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு பெரிய சித்தப்பா ஒரு கிழவருக்குப் பயப்படுகிறாரே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.