யாருமே படிக்காத பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு கிராஃப் சார் என்று பெயர். வைத்தது நான்தான். காலையில் நாங்கள் டீயைத் தேடும்போது அவர் கிராஃப் கோட்டைத் தேடுவார். எந்த இணையதளத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று உத்தேசமாகக் கணித்துச் சொல்லும் வெளி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது போடும் கோடு ஏறியிருந்தால் எல்லோருக்கும் வணக்கம் கிடைக்கும். இறங்கியிருந்தால் உர்ரென்று உட்கார்ந்திருப்பார். கெட்டவர் இல்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அந்தக் கோட்டைச் சந்தேகப்பட்டால் மட்டும் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எங்களிடம் இரண்டு தளங்கள் இருந்தன. ஒன்று, புதிய செல்போன்களைப் பற்றியது. அதற்கு எழுத நாங்கள் ஒரு கும்பலே இருந்தோம். இன்னொன்று, மிக்ஸியோ வாஷிங் மெஷினோ மக்கர் செய்தால் என்ன பார்ப்பது என்று சொல்லும் தளம். அதை எழுதியது அக்கா ஒருவர்தான். ரிப்பேர் கடையில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைக்கூட விடாமல் எழுதுவார்.

இரண்டில் ஒன்றைத்தான் நடத்த முடியும் என்று முதலாளி ஒருநாள் சொன்னார். கிராஃப் சார் கோட்டைக் காட்டினார். செல்போன் தளம் விறுவிறுவென்று ஏறியிருந்தது. ரிப்பேர் தளம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"எத்தனை பேர் வந்தாங்கன்னு நம்ம சர்வர்லயே ஒரு கணக்கு இருக்கே தம்பி, அதைப் பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"நம்ம முதுகை நாமளே தட்டிக்கிட்டா எவன் நம்புவான்? வெளியாள் சொல்றதுதான் பேச்சு. உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பக்கத்துல ஈ கூட உக்காரலக்கா. யாருமே படிக்கல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் கிராஃப் சார்.

நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்துவைத்தார். அந்த மாதக் கடைசியில் ரிப்பேர் தளத்தை மூடினார்கள். அக்கா மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பிப்போனார்.

பிறகு அலுவலகத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு வாரம் எல்லோரும் வீட்டிலிருந்தே, அவரவர் கம்ப்யூட்டரில் வேலை செய்தோம். செய்தி ஒன்றுகூட நிற்கவில்லை. ஆனால் கோடு மட்டும் தொப்பென்று விழுந்தது.

"பெயிண்ட் அடிச்சா வாசகன் ஏன்யா ஓடிப்போறான்?" என்றார் முதலாளி.

கிராஃப் சார் அன்றைக்குத்தான் அந்த நிறுவனத்தின் விளக்கப் பக்கத்தைத் திறந்து முழுசாகப் படித்தார். தன் சின்னக் கருவியை பிரவுசரில் போட்டுக்கொண்ட கொஞ்சம் பேர் எங்கெங்கே போகிறார்கள் என்று பார்த்து, அதை வைத்து ஊர் உலகத்துக்கே கணக்குப் போடுகிறது அது. அந்தக் கருவியை எங்கள் எல்லோருடைய அலுவலகக் கம்ப்யூட்டரிலும் தேடித் தேடிப் போட்டுவிட்டவர் அவரேதான். நாங்கள் எழுதியதை நாங்களே நாள் முழுக்கத் திறந்து பார்த்ததுதான் அவர் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஏற்றம். அக்காவின் வாசகர்களோ, நின்றுபோன மெஷின் பக்கத்தில் செல்போனோடு நின்றவர்கள். அவர்கள் கையில் அந்தக் கருவி ஏது? பூஜ்யம் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை, தங்களுக்குத் தெரியவில்லை என்றே அர்த்தம் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது. கடைசியாக எங்கள் சர்வர் கணக்கைத் திறந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூடுனது மூடுனதுதான், கிளறாதீங்க" என்றார் முதலாளி. கிராஃப் சாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அக்காவைப் பார்க்கத் தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அக்கா பழைய ரிப்பேர் கடைக்கே திரும்பியிருந்தார். ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவர், "வாங்க தம்பி" என்று ஸ்டூலைத் தள்ளினார். இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார்.

"அப்போ எவ்ளோ பேர்தான் படிச்சாங்க?"

"தினமும் நாலாயிரம் பேருக்குக் குறையாதுக்கா."

அக்கா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "வேலை போனது போகட்டும் தம்பி. எனக்கு எழுதவே வரலன்னு நெனச்சுட்டேன். என் பொண்ணு கேட்டப்போகூட, அம்மாவுக்கு அதெல்லாம் வரலடின்னு சொல்லிட்டேன்."

"நான் உங்க பேர்லயே ஒரு தளம் ஆரம்பிச்சுத் தர்றேன்கா. நீங்க எழுதுனா மட்டும் போதும்."

"உக்காந்து பாத்தேனே. ஒரு வரி எழுதுறதுக்குள்ள நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னதுதான் காதுல கேக்குது. வேணாம், விடுங்க."

அந்த நேரம் ஒருவர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டோம்.