ஓலை வேய்ந்த இங்கிலீஷ் கார்

பெட்ரோலும் கருப்பட்டியும் தேங்காய் உரித்த தொண்டு எரிந்த புகையும் கலந்து ஒரே மூச்சில் மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் இந்த உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். பாறசாலைக்குப் பக்கத்தில், என் அப்பாவின் கருப்பட்டிக் கிட்டங்கியில், சிப்பம் சிப்பமாக அடுக்கிய கருப்பட்டிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற எங்கள் காரின் வாசனை அது.

சாதாரணக் கார் அல்ல. இரண்டே கதவு, நீண்ட பானட்டு, பின்பக்கம் சரிந்து இறங்குகிற முதுகு, கம்பி வைத்த சக்கரங்கள், தோல் இருக்கை. கள்ளிக்காடு என்ற ஊருக்கு அப்பால் மலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை வேகமாக ஓட்டி மகிழ்வதற்கென்று சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்தது. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் அவர் மூட்டை கட்டினார். அந்தத் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்குக் கருப்பட்டி கொண்டுபோகிற அப்பா, ஒருநாள் போன இடத்தில் காரைப் பார்த்தார், பார்த்ததும் விலை கேட்டார். அதே காரின்மேல் எங்கள் பகுதியின் பெரிய நிலக்காரர் ஒருவருக்கும் கண் இருந்தது. அவர் ஆள் அனுப்பிப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா கையோடு சாவியை வாங்கி மலையிறங்கி வந்துவிட்டார். யுத்த காலத்தில் அரிசி லாரி ஓட்டிப் பழகிய கை அவருடையது.

"பனையேறிக்க மவனுக்கு இங்கிலீஷ் காறு" என்று சந்தியில் சிரித்தார்கள். அப்பாவின் அப்பா பனையேறியவர்தான், அதை அப்பா ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த நிலக்காரர் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது மட்டும், தேவையே இல்லாமல், ஆரனை இரண்டு முறை அமுக்குவார்.

அந்தக் காரில் உள்ளே இரண்டு பேர்தான் உட்கார முடியும். பின்புறம் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் வானம் பார்க்க இன்னும் ஓர் இருக்கை, அதற்கு "டிக்கி" என்று பெயர். எங்கள் வீட்டிலோ எட்டுப் பேர். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முறை வைத்துத்தான் சவாரி. அம்மாவின் முறை வந்த அன்று காஞ்சிரங்குளத்திலிருந்த அவளுடைய பிறந்த வீட்டுக்குப் போனோம். நான் டிக்கியில் இருந்தேன். இறங்கும்போது அம்மாவின் கொண்டை அவிழ்ந்து, முகம் முழுக்கச் செம்மண். "கொள்ளாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் ஒன்றை நன்றாயிருக்கிறது என்று சொல்வதே அபூர்வம்.

ஆனி மாத மழை பிடித்தபோது அப்பா ஒரு காரியம் செய்தார். கருப்பட்டி வியாபாரிக்கு மழை என்றால் பயம், ஈரம் பட்டால் கருப்பட்டி இளகிப் பாகாக வழிந்துவிடும், அதனால் கிட்டங்கியில் தொண்டு போட்டுப் புகை காட்டி இறுக வைப்பார்கள். துரையின் காரும் ஈரத்தில் கெட்டுவிடக் கூடாதே என்று அப்பா அதன் பெட்ரோலை எல்லாம் இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து போட்டு, கருப்பட்டியோடு காருக்கும் சேர்த்துப் புகை போட்டார். மழை ஓய்ந்து பார்த்தால் பச்சைக் கார் அடுப்படிப் பானை நிறத்தில் நிற்கிறது, தோல் இருக்கை கருவாடாக விறைத்திருக்கிறது, கருப்பட்டிக்கு வந்த எறும்பெல்லாம் அதற்குள் குடியேறியிருக்கிறது. வேறு யாராவது ஒரு காரைப் புகை போட்டுப் பதப்படுத்தியதாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அப்பாவுக்கு அதன்மேல் இருந்த பிரியம் குறையவில்லை. தினமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார், எங்கள் தலைக்கு வைக்க எண்ணெய் இல்லாத நாளிலும்.

எல்லைப் போராட்டம் மும்முரமான வருடம் அது. அப்போது மலையாள ஆட்சியில் இருந்த தெற்குத் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் அடித்தது, சில இடங்களில் சுட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ரோட்டோரமாகப் போலீஸ் முகாம் போட்டு, குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்கள். என்னோடு படித்த தங்கம்மையின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து நொண்டி நடக்கும்படி அடித்து அனுப்பினார்கள். அவ்வளவுதான். ஓண விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது தமிழ் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. முகாமைத் தாண்டிப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை.

எங்கள் தலைமையாசிரியர் மலையாளி, நல்ல மனிதர். அவரே வீடு தேடி வந்து அப்பாவிடம் சொன்னார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், பெஞ்சு இப்படியே கிடந்தால் தமிழ் வகுப்பை எடுத்துவிட்டு இருக்கிற பிள்ளைகளை மலையாள வகுப்பில் சேர்க்கச் சொல்வார். "ஆளில்லாத கிளாஸ் ஞான் எங்ஙனெ காட்டும்?" என்று கையை விரித்தார். அப்பா அவரை வாசல்வரை போய் அனுப்பிவைத்தார். அவர் போன பிறகு அம்மா பேசினாள்.

"கேட்டியளா, காறு சும்மாதானே நிக்குது. பிள்ளியள அதுல ஏத்திக் கொண்டு விடுங்க."

"எட்டி, அதுல எத்தற பிள்ளியளு கொள்ளும்?"

"கொள்ளலேன்னா கூரைய வெட்டணும்."

அப்பா அம்மாவை அப்படி ஒரு பார்வை பார்த்து அதற்கு முன்பு நான் கண்டதில்லை. "துரைக்க நாட்டுல இதத் தொட்டுப் பாக்க ஆளுவ வரிசையில நிப்பினும். நீ வெட்டணும்னு சொல்லுக" என்று கத்தினார்.

"ரெண்டு பேருக்குன்னு செய்தது செய்தவனுக்க சௌகரியம். அவனுக்க நாட்டுல அவனுக்க பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. இஞ்ச இருக்கத மூடப்போறான். நீங்க வெட்டலேன்னா நான் வெட்டுவேன், வெட்டுகத்தி எனக்கும் பிடிக்கத் தெரியுமாக்கும்."

அப்பா சாப்பிடாமல் கிட்டங்கிக்குள் போய் அந்தத் தோல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். எறும்பு கடித்திருக்கும், எழுந்து வரவில்லை. அவர் வாழ்நாளில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

இது எப்படியோ வெளியே போய், நிலக்காரரின் ஆள் வந்தான். காரை வெட்ட வேண்டாம், கேட்ட விலைக்கு அவரே எடுத்துக்கொள்வாராம். வேறு யார் கேட்டிருந்தாலும் அப்பா யோசித்திருப்பார். அந்த ஆள் வந்ததுதான் தப்பு. அடுத்த சந்தை நாளில் அப்பா காரைக் கொண்டுபோய் நடுச்சந்தியில் நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார். மீன்காரிகளும் வெற்றிலை வியாபாரிகளும் சுற்றி நிற்க, இரும்பு அறுக்கிற வாளை எடுத்துத் தானே கூரையை அறுக்க ஆரம்பித்தார். கொல்லன் வந்து கை நீட்டியும் கொடுக்கவில்லை. நிலக்காரரின் ஆள் வாயைப் பிளந்து நின்றான்.

"எலே, ஒனக்க எசமானுக்கு டிக்கிக்க மூடி வேணும்னா கொண்டு போ. சும்மாதான் கெடக்கு" என்றார் அப்பா. சந்தையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, அறுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் எங்கள் பக்கத்து வேலை. டிக்கியைத் திறந்தபடியே விட்டு, பின்பக்கத் தகட்டை வெட்டி எடுத்து, பலாப்பலகையில் இரண்டு பெஞ்சு அடித்தார்கள். இத்தனை பாரத்துக்கு வயிறு ரோட்டில் உரசும் என்று பழைய லாரியின் வில்லுப் பட்டைகளைப் போட்டுத் தூக்கினார்கள். கூரைக்குத் தகடு கிடைக்கவில்லை. கிடைத்தது பனையோலை. மூங்கில் வளைத்து ஓலை வேய்ந்தார்கள். முன்னால் சீமை மூக்கு, பின்னால் எங்கள் ஊர்க் குடிசை. நான் பார்த்த கார்களிலேயே அழகானது அதுதான், யார் என்ன சொன்னாலும் சரி.

முதலில் காரக்கோணம் பக்கத்தில் இருந்த தங்கம்மையின் வீட்டுக்குத்தான் போனோம். அவள் அம்மா கதவை மறித்து நின்றாள். "பிள்ளைய விட மாட்டேன் அண்ணாச்சி. ஒருத்தன் நொண்டி வந்தது போரும்."

"காறுல கொண்டு போயி காறுல கொண்டு விடுவேன். நடுவில எவனாவது கைவச்சா எனக்க மேல வச்சிட்டுத்தான் பிள்ளமேல வைக்கணும்" என்றார் அப்பா. தங்கம்மை ஏறினாள். அவள் ஏறியதைப் பார்த்து மற்றவர்கள் ஏறினார்கள்.

மூங்கிலருகே போலீஸ்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எந்தாடோ இது? காறோ, குடிலோ?"

ஊரில் எல்லோரும் போலீஸைக் கண்டால் எசமானை விளிப்பதுபோல "ஏமானே" என்பார்கள். அப்பா, "காறுதான் சாறே. மழ பெய்தா பிள்ளியள் நனையாதா?" என்றார். போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூங்கிலைத் தூக்கினார். தினமும் அப்படியே நடந்தது. நாங்கள் ஓலைக்கடியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, தொப்பிகளைப் பார்க்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடப்போம்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் காலையில் முகாமில் சிரிக்கிற போலீஸ்காரர் இல்லை. புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர் நின்றார். வண்டியை வெட்டியது சட்டப்படி தப்பு, இத்தனை பேரை ஏற்றியது அதைவிடத் தப்பு, வண்டி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றார். அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து இறக்கினார்கள். இறங்கியதும் அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாத அப்பாவின் முகத்தை அன்றுதான் கண்டேன். வீட்டுக்குத் திரும்பினால் வகுப்பு போயிற்று. முன்னால் போக வேண்டுமென்றால் முகாம் முழுவதையும், அத்தனை போலீஸையும், காலால் நடந்து தாண்ட வேண்டும்.

டிக்கியிலிருந்து முதலில் குதித்தவள் தங்கம்மை. எல்லோரையும்விடப் பயந்தவள். "இறங்குங்கட்டி, நடப்போம்" என்றாள். ஸ்லேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உரத்த குரலில் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். "ஓரொண்ணு ஒண்ணு, ஈரொண்ணு ரெண்டு..." குரல் நடுங்கியது, நிற்கவில்லை. நாங்கள் வரிசையாக அவள் பின்னால் சேர்ந்துகொண்டோம். முகாமின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, தமிழில் கணக்குச் சொல்லிக்கொண்டு, தொப்பி போட்ட முகங்களை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தபடி நடந்தோம். கணக்குச் சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை போலும், யாரும் தடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தபோது பெஞ்சுகள் நிறைந்திருந்தன. எல்லோர் காலிலும் சேறு. தங்கம்மையை எழுப்பி வாசிக்கச் சொன்னார், அவள் தடங்கலில்லாமல் வாசித்தாள். தமிழ் வகுப்பு நிலைத்தது.

அப்பாவை மறுநாள் விட்டுவிட்டார்கள், காரை விடவில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்து, பழைய உருவத்துக்குத் திருப்பிக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்களாம். "வெட்டினத ஒட்ட முடியாது சாறே. மன்னிப்பும் எனக்க கையில இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தே வந்தார். கார் ஸ்டேஷன் வளாகத்துப் பலாமரத்தடியில் நின்றது. முதலில் ஓலை மக்கியது, பிறகு டயர் போயிற்று, பிறகு துரு தின்றது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் நடப்பார், கழுத்து மட்டும் விறைத்திருக்கும். அதற்குப் பிறகு அவர் வேறு கார் வாங்கவில்லை.

கடைசியில் எல்லைக் கோடு போட்டார்கள். களியக்காவிளை முதல் அந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு போயிற்று, மிட்டாய் கொடுத்தார்கள், வெடி போட்டார்கள். நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், மலையாளத்தோடு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, வயதானால் ஆறிவிடும் என்று சொன்னவர்களெல்லாம் பொய் சொன்னார்கள். அப்பா வெடிச் சத்தம் கேட்ட திசையைப் பார்த்துக்கொண்டு, "கோடு அவனுவ போடட்டும் மக்கா. நம்ம வாயில போட முடியாது" என்றார். மறுநாள் நாங்கள் அதே பள்ளிக்கூடத்தில் அதே வகுப்புக்குப் போனோம்.

முகாம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கிட்டங்கியை இடித்து என் தம்பி மகன் கடைகள் கட்டியிருக்கிறான். கருப்பட்டி வாங்க நானே மார்த்தாண்டம் போக வேண்டியிருக்கிறது. தங்கம்மை போய்ச் சேர்ந்து நாளாயிற்று. காரின் ஓர் ஆணி கூட எங்களிடம் இல்லை, ஒரு போட்டோ கூட இல்லை.

போன மாதம் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான். பழைய கார்களைத் தேடிப் பிடித்துப் பளபளப்பாக்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம், அவன் அதில் உறுப்பினனாம். அவன் வந்ததும் அப்படி ஒரு காரில்தான். இரண்டு கதவு, நீண்ட பானட்டு, பார்த்ததும் படியிறங்கிப் போய் அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். துரையின் காரைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு விசாரிக்க வந்திருக்கிறான். முழுக் கதையையும் சொன்னேன். அவன் மலையாளத்தில் கேட்டான், நான் தமிழில் சொன்னேன், இங்கே எல்லோரும் அப்படித்தான். கூரையை அறுத்த இடம் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எங்ஙனெ மனசு வந்நு அம்மே, அங்ஙனெ ஒரு வண்டிய வெட்டிக் களயான்?"

அவன் கண்ணில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் வீடு தேடி வந்த பிள்ளை, சாயா கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"ஒங்க சங்கத்துல அது போல காறு எத்தற உண்டு மக்கா?"

ஏழெட்டு இருக்கும் என்று பெருமையாகச் சொன்னான்.

"ஒண்ணு தா. இந்த வருசமும் நம்ம தமிழ் கிளாசுல பிள்ளியளு கொறவாக்கும், தூரத்துல உள்ளதுவ வர வண்டி இல்ல. வெட்டுகதுக்கு வாளு ஒண்ணும் வேண்டாம், சந்தியில நல்ல வெல்டிங் கட உண்டு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், தம்ளரை வைத்துவிட்டு, வாசலில் நின்ற தன் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.